தோளுக்கு அளவெடுத்த துவக்கு

சட்டை தைப்பதற்குத் தையற்காரனிடம் அளவு கொடாதார் நம்மில் எவருமிலர். கழுத்தளவு, தோளளவு, கையின் நீளம் என்று நாடாவைப் பிடித்து அவன் குறித்துக்கொள்கிறான். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி அணிந்தால் ஓரிடம் பிடிக்கும், ஓரிடம் தொங்கும். துவக்குக்கும் இவ்வாறே ஆளை நிறுத்தி அளவெடுக்கும் தொழிலொன்று உண்டு என்றால் வாசகர்களிற் பலர் வியப்படையக் கூடும். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிலே துரைமார் வேட்டையாடித் திரிந்த காலத்தில், வசதி படைத்த துரை ஒருவர் தமது கோட்டுக்கு அளவு கொடுக்கும் அதே இலண்டன் மாநகரில் தமது துவக்குக்கும் அளவு கொடுத்துவிட்டே கப்பலேறுவார்.

இஃது ஆடம்பரமன்றோ என்று கேட்கத் தோன்றும். ஆடம்பரமும் அதிற் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. வெள்ளியிலும் எஃகிலும் செதுக்கிய பூவேலைகளுக்கும் பெயர்ப் பொறிப்புக்கும் குறி தவறாமையோடு ஒரு தொடர்புமில்லை. ஆனால் அடிக்கட்டையின் அளவு அப்படிப்பட்டதன்று.

காரணம் எளிது. றைபிளுக்குக் குழலின் முன்னும் பின்னும் இரண்டு குறிகாட்டிகள் உண்டு. இரண்டையும் இலக்கையும் ஒரே நேர்கோட்டிற் கொண்டுவந்து, நிதானித்துச் சுடலாம். சிறு ஈயச் சன்னங்கள் பல ஒருசேரச் சிதறிப் பாயும் வேட்டைத் துவக்குக்கோ முன்னால் ஒரு சிறு மணி மட்டுமே உண்டு. பின்னாற் குறிகாட்டி கிடையாது. சேற்று வயலிலிருந்து சடாரென்று எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும் உள்ளானை நிதானித்துக் குறி பார்க்க எவரால் இயலும்? துவக்கு தோளுக்கு வந்த அந்தக் கணத்திலேயே வெடி தீர்ந்துவிட வேண்டும். அங்கே சுடுபவனுடைய கண்ணே பின்குறி. அந்தக் கண் குழலுக்கு மேலே எவ்விடத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கன்னத்தைத் தாங்கும் மரக்கட்டை. ஆகவே கட்டையின் அளவு பிழைத்தால், குறிகாட்டி கோணலான றைபிளைக் கையிற் பிடித்த கதைதான்.

எவ்வளவு பிழைத்தால் எவ்வளவு தவறும்? இதற்கு அளவெடுப்போரிடையே வழங்கும் கணக்கொன்று உண்டு. கண்ணிலிருந்து குழலின் நுனி மணி வரை ஏறத்தாழ ஒரு யார் தூரம். பதினாறு யார் தூரத்தில் ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தி, சுண்ணாம்பு பூசி, அதன் நடுப்புள்ளியை நோக்கிச் சுடச் செய்வர். தகட்டில் வெடி ஓர் அங்குலம் விலகி விழுந்தால், கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அதன் பதினாறில் ஒரு பங்கு, அதாவது அங்குலத்தில் பதினாறிலொன்று விலகியிருக்கிறது என்பது பொருள். ஒரு நெல்மணியின் பருமனுக்கும் சற்றுக் குறைந்த அளவு அது! கால் அங்குலப் பிழையோ நாற்பது யாரில் பத்து அங்குலமாகப் பெருகிவிடும். பறவை அங்கே தப்பினாலும் நன்று. சன்னக் கூட்டத்தின் ஓரம் மட்டும் பட்டு, சிறகொடிந்து புதருள் விழுந்து, நாயும் தேடிப் பிடிக்க முடியாமல் இரண்டு நாள் கிடந்து சாவதுதான் கொடுமை. நல்ல வேட்டைக்காரர் அளவு விடயத்தில் அத்தனை கண்டிப்பாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவுகளில் முதன்மையானவை மூன்று. விசையிலிருந்து கட்டையின் பின்நுனி வரையுள்ள நீளம் முதலாவது. நடுத்தர உயரமுள்ள ஆங்கிலேயருக்குப் பதினாலரை அங்குலம் ஒட்டி அமையும். நீளம் மிகுந்தால், துவக்கைத் தூக்கும்போது பின்நுனி அக்குளிலும் உடையிலும் சிக்கும். தோளில் ஏறாமற் கைத்தசையில் அமர்ந்து, வெடித்ததும் கன்றிப் போகச் செய்யும். குறைந்தாலோ விசைப் பிடித்த கையின் பெருவிரல் மூக்கில் வந்து இடிக்கும். இரண்டாவது அளவு தாழ்வு. குழலின் மேற்பரப்பைப் பின்னோக்கி நீட்டிய கோடொன்றைக் கற்பித்துக்கொண்டால், கன்னம் பதியும் விளிம்பு அதற்கு ஒன்றரை அங்குலம் தாழ்ந்தும், தோளில் படும் நுனி இரண்டு முதல் இரண்டேகால் அங்குலம் தாழ்ந்தும் இருப்பது பொது வழக்கு. விளிம்பு மிகத் தாழ்ந்தால் கண் குழலின் பின்னே புதைந்துபோகும்; வெடி கீழே செல்லும். மிக உயர்ந்தால் வெடியும் உயரும். கழுத்து நீண்டவர், தாடை அகன்றவர், கன்னம் ஒட்டியவர் என்று முகத்துக்கு முகம் இது வேறுபடும்.

மூன்றாவது சாய்வு. இதனை அறியாதாரே அநேகர். நன்கமைந்த துவக்கொன்றை மேலிருந்து நோக்கினால், கட்டை குழலின் நேரே செல்லாமற் சற்றே வலப்புறம் வளைந்திருப்பது தெரியும். கால் அங்குலம் அளவிலான இந்த வளைவு செய்தவன் கைப்பிழையன்று. நம் வலத்தோள் வலக்கண்ணுக்கு நேர் கீழே இல்லை, அதற்கும் வெளியே இருக்கிறது. அந்த இடைவெளியைக் கழுத்தைச் சாய்த்து நிரப்புவதா, கட்டையைச் சாய்த்து நிரப்புவதா? விவேகி கட்டையையே சாய்ப்பான். அகன்ற மார்பினருக்குச் சாய்வு கூடும். இடக்கையர்க்கு இடப்புறம் சாயும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் இரு கண்களில் ஒன்று மற்றதற்குத் தலைமை தாங்குகிறது. இதை வீட்டிலுள்ள சிறுவரும் சோதித்துப் பார்க்கலாம். இரு கண்களையும் திறந்தபடி, எதிர்மலையிலுள்ள தொழிற்சாலைப் புகைபோக்கியை ஆட்காட்டி விரலாற் சுட்டுங்கள். பின்பு இடக்கண்ணை மூடுங்கள். விரல் புகைபோக்கியை விட்டு நகராவிட்டால் வலக்கண்ணே தலைமைக் கண். விரல் தாவினால் இடக்கண். வலத்தோளில் வைத்துச் சுடுபவர்க்கு இடக்கண் தலைமையாயின், எத்தனை பழகினும் வெடி இடப்புறமே விலகும். இத்தகையோருக்காகவே கன்னத்தைக் கடந்து வளைந்து, வலத்தோளிலிருந்து இடக்கண்ணுக்கு எட்டும் விந்தையான கட்டைகளைச் செய்துகொடுத்தார்கள். பார்ப்பதற்கு முறிந்த எலும்பைத் தவறாகப் பொருத்தியதுபோல் இருக்கும். அதனாலென்ன, குறி தப்பாது.

துவக்குக் கடையில் முழங்கை மடிப்பிலே கட்டையின் நுனியை வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்த்து விற்பதுண்டு. அது கண்துடைப்பு. முன்கையின் நீளத்துக்கும் கழுத்தின் நீளத்துக்கும் என்ன உறவு? மெய்யான அளவுகாரன், வெறுமையென்று ஒன்றுக்கு இருமுறை சோதித்த துவக்கை வாடிக்கைக்காரர் கையிற் கொடுத்து, தன் கண்ணையே குறிபார்க்கச் சொல்லி, எதிரே நின்று குழலின் வழியே அவர் கண் எங்கே நிற்கிறதென்று நோக்குவான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே ‘சோதனைத் துவக்கு’ ஒன்றையும் ஆக்கினார்கள். அதன் கட்டையில் கீல்களும் திருகாணிகளும் இருக்கும். நீட்டவும் குறுக்கவும் உயர்த்தவும் சாய்க்கவும் முடியும். சுட்டுச் சுட்டுத் திருகி, தகட்டில் வெடி நடுவில் விழுந்ததும் அந்த அளவுகளைப் பேரேட்டிற் பதிந்துகொண்டு, அக்குரோட்டு மரத்திற் கட்டை செதுக்கத் தொடங்குவார்கள்.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். இங்கே துவக்கு ஆங்கிலத் துரைமாரொடு வந்து சேர்ந்ததென்று எவரும் எண்ணிவிடலாகாது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்து எழுத்தாளர், சிங்களக் கம்மியர் செய்யும் துவக்குக் குழல்கள் வெள்ளிபோல் ஒளிர்வதாகப் புகழ்ந்தெழுதினார். கண்டி இராச்சியத்துத் துவக்குகள் தனியழகு உடையவை. கட்டையின் பின்புறம் இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். கொடிக்கருக்கும் தந்த வேலைப்பாடும் நிறைந்திருக்கும். விசைப்பொறி பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். அவர்களிடம் ‘கொடித்துவக்கு’ என்றொரு சிறு பீரங்கியும் இருந்தது. முன்னால் இரண்டு மரக்கால்கள் தாங்க, பின்புறம் தரையில் ஊன்றி நிற்கும். வெட்டுக்கிளி போன்ற தோற்றம். ஆங்கிலேயரும் அதனை அப்பெயரிட்டே அழைத்தனர். ஒற்றையடிப் பாதையிலே தூக்கிச் சென்று மலைச்சரிவில் நாட்டுவதற்கென்று அமைந்த ஆயுதம் அது. ஆளின் தோளுக்கன்று, மலையின் தோளுக்கு அளவெடுத்தது என்று சொல்லலாம். இன்றும் கொடித்துவக்கு என்பது சிங்கள மக்களிடையே ஒரு குடும்பப் பெயராக வழங்குகிறது. ஒல்லாந்தின் ரைக்ஸ் அரும்பொருளகத்தில் நெடுங்காலம் இருந்த பெருந்துவக்குகள் இரண்டு, லெவ்கே திசாவையின் பீரங்கியோடும் வாள்களோடும் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு தேசிய அரும்பொருளகத்துக்குத் திரும்பி வந்ததையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

தமது உடலுக்கும் தமது கருத்துக்கும் ஏற்பத் துவக்குச் செய்வித்து மலைநாட்டிற் பெயர்பெற்றவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்து, இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, கலப்பை, குடியானவர் எல்லாம் வரவழைத்துப் பண்ணை நடத்தினார். அவர் பத்தொன்பது வயது இளைஞராயிருந்தபோதே, 1840இல், பிரிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குக் கம்மியரிடம் தம் எண்ணப்படி றைபிள் ஒன்றைச் செய்வித்தார். குழலின் நீளம் முப்பத்தாறு அங்குலம். நிறை இருபத்தொரு இறாத்தல். மூன்று அவுன்சு ஈயக் குண்டு. அதனைத் தள்ளுவதற்கு ஒரு முழு அவுன்சு வெடிமருந்து. பறவை சுடும் சாதாரணத் துவக்கு ஏழு இறாத்தலைத் தாண்டாது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பாரம் புலனாகும்.

ஏன் இத்தனை பாரம்? அதுவும் அளவின் பாற்பட்டதே. முன்னே குண்டு எவ்வளவு விசையோடு பாய்கிறதோ, அதற்கீடான தள்ளல் பின்னே தோளுக்கு வருகிறது. துவக்கு இலேசாயின் அது வேகமாகப் பின்வாங்கித் தோளெலும்பை நொறுக்கும். பாரமாயின் மெல்ல நகர்ந்து அழுத்தும். இருபத்தொரு இறாத்தலை வெயிலிலும் மேட்டிலும் சுமந்து, மூச்சு வாங்காமல் தோளுக்கு உயர்த்துவதற்குப் பேக்கரைப் போன்ற மல்லர் வேண்டும். வேறொருவர் கையில் அது பயன்படாத இரும்புத் தூண்.

சுவையான செய்தி யாதெனில், இவ்வளவு அரும்பாடுபட்டுத் துவக்குச் செய்வித்த அதே மனிதர், நுவரெலியாவிலே மரை வேட்டைக்குப் புறப்படும்போது துவக்கை வீட்டில் விட்டுச் சென்றார்! அடர்ந்த குளிர்காட்டில் மூன்று பாகத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே வேட்டை நாய்களையும் கைக்கத்தியையும் நம்பியே ஓடினார். அந்தக் கத்தியும் அவரது கைக்கென்று தனியே செய்வித்ததுதான். யானைகளுக்குத்தான் றைபிள். அவர் காலத்துக்குச் சற்று முன், பதுளைப் பகுதியில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் றோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மலைச்சாரலின் யானைக் கூட்டங்கள் இந்தத் துவக்குகளுக்கும், பின் வந்த கோப்பித் தோட்டங்களுக்கும் இரையாகி ஒழிந்தன. அளவெடுத்த துவக்கு அந்த அழிவை விரைவுபடுத்தியது என்பதையும் மறைக்காமற் சொல்லவே வேண்டும்.

கோப்பி அழிந்து தேயிலை தழைத்த பின்னர் வந்த துரைமார் பெரும்பாலும் பேக்கரைப்போல் யானை தேடவில்லை. காட்டுக்கோழி, காட்டுப்புறா, பன்றி, கீழ்நாட்டு வயல்களில் உள்ளான், இவையே அவர்கள் நாட்டம். இவர்களுடைய துவக்குகளுக்கு மலைநாடு இரண்டு சோதனைகளை வைத்திருந்தது. ஒன்று மழை. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரும் மழை பெய்யும். சப்பாத்தில் ஓரிரவிற் பூஞ்சணம் பிடிக்கும் ஈரத்தில் குழல் துருப்பிடிக்கும். கட்டை ஊறி உப்பும். ஆளி எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மரத்துக்கு ஊட்டுவது நாட்கடமை. மற்றது குளிர். இதை இலண்டன் அளவுகாரன் முழுதும் உணர்ந்திருக்க மாட்டான். கனத்த கம்பளிக் கோட்டின் மேல் அளவெடுத்த கட்டை, ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவில் விடியற்காலைப் பனியிற் சரியாக இருக்கும். அதே துவக்கோடு ஞாயிற்றுக்கிழமை கீழ்நாட்டுக்கு இறங்கி, மெல்லிய பருத்திச் சட்டையுடன் வயலில் நின்றால், கோட்டின் தடிப்பு அளவுக்குக் கட்டை குறுகிவிடுகிறது. தையற்காரன் வேலையும் துவக்குக் கம்மியன் வேலையும் ஒன்றையொன்று எப்படித் தொட்டு நிற்கின்றன பாருங்கள்!

போர்ப்படைக்கு ஆளுக்கொரு கட்டை செதுக்க இயலுமா? 1900ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையின் ஒரு பிரிவு 1914இல் எகிப்துக்குக் கப்பலேறிற்று. 1949இல் படை கலைக்கப்பட்டது. வேட்டைக்குத் தம் தோளுக்கேற்ற துவக்கு வைத்திருந்தவர்கள் படையிற் சேர்ந்ததும் பொது அளவுக்குப் பணிய வேண்டியதாயிற்று. எனினும் பிரித்தானியப் படையின் புகழ்பெற்ற குறுகிய லீ என்பீல்டு றைபிளிற்கூட அளவு அடியோடு கைவிடப்படவில்லை. நடுத்தரக் கட்டையோடு, அதனின் அரை அங்குலம் நீண்டதும் அரை அங்குலம் குறைந்ததும் செய்து எழுத்துக் குறியிட்டார்கள். முதல் உலகப்போரில் உயரம் குறைந்தோரைக் கொண்டு தனிப் பட்டாளங்கள் சேர்த்தபோது, ஓர் அங்குலம் குறைந்த கட்டையும் வந்தது. இலட்சக்கணக்கான படைக்கலங்களை வார்க்கும் அவசரத்திலும் ஆளின் கைந்நீளம் மறக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தோட்டத்தில் உழைத்த நம்மவர்க்கோ எந்தக் கருவியும் ஆளைப் பார்த்து அளந்து கொடுக்கப்படவில்லை. கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியிலிருந்து முதுகுக்குத் தத்தம் உயரத்துக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் கட்டிக்கொண்ட பெண்களே தமக்குத் தாம் அளவுகாரர். துவக்கு அவர்கள் கைக்கு வரவில்லை. துரையின் பின்னால் அதைச் சுமந்து சென்றவர்கள் உண்டு; அவர்கள் சுமந்தது வேறொருவரின் தோளளவை.

அத்தகைய துவக்கொன்று கைமாறினால் என்ன நேரும்? ஆறடி உயர ஸ்கொத்லாந்துக்காரருக்கு அமைந்ததை ஐந்தடி மூன்றங்குல மனிதர் எடுத்தால், பன்றி விரட்டப் போனவர் கைத்தசை கறுத்துத் திரும்புவார். பன்றி குடல் கிழிந்து காட்டுக்குள் ஓடி, மறுநாள் கொழுந்தெடுக்கப் போனவர் மீது பாயும். காயம்பட்ட பன்றியைப் போற் கொடியது வேறில்லை. இதனினும் கொடியது, தோளோ கண்ணோ இல்லாத துவக்கு. பயிரழிக்கும் விலங்குக்கென்று கம்பி கட்டி நாட்டுப்புறங்களில் வைக்கும் கட்டுத்துவக்கைத்தான் சொல்கிறேன். அதற்கு வருவது பன்றியா, விறகு பொறுக்கும் சிறுமியா என்று தெரியாது. விலங்கின் உயரத்துக்கு நிறுத்திய குழல் மனிதரின் காலைச் சிதைக்கிறது. அதனாற் காலிழந்தோர் இந்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் புதியவரல்லர்.

வேட்டைக் காலம் மலைநாட்டில் முடிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டைக்குக் கடிவாளமிட்டன. துரைமார் நாய்களோடு மரை துரத்திய ஹோட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கே மரைகள் வாகனங்களருகே அச்சமின்றி வந்து நிற்கின்றன. துவக்கு வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் உத்தரவுப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும்.

முறைப்படி உரிமை பெற்றவர்க்குப் பழைய துவக்கின் அளவு பொருந்தாவிட்டால், அதற்கும் பரிகாரம் இல்லாமலில்லை. நீளம் மிகுந்தால் பின்நுனியை அறுக்கலாம். குறைந்தால் இறப்பர் மெத்தை பொருத்தி நீட்டலாம். தாழ்வையும் சாய்வையும் மாற்றுவதற்குக் கட்டையையே வளைக்க வேண்டும். கைபிடிக்கும் ஒடுங்கிய கழுத்திலே துணி சுற்றி, சூடாக்கிய ஆளி எண்ணெயை அரைமணி நேரம்வரை இடைவிடாது ஊற்றி ஊற்றி மரத்தின் நாரை இளக்கி, திருகுச் சட்டத்திற் பூட்டி மெல்ல மெல்ல வளைத்து, ஆறும்வரை அசையாது விடுவார்கள். மரம் தன் பழைய வடிவுக்குச் சற்றே மீளும் இயல்புடையதாகையால், வேண்டிய அளவுக்கு ஒரு நூல் கூடுதலாக வளைப்பது வழக்கம். நார் குறுக்கே ஓடும் கட்டையாயின் முறிந்துபோகும். தேர்ந்த கம்மியனுக்கே உரிய வேலை அது. வீட்டுக் கொல்லையிற் செய்து பார்ப்பதற்கன்று.

நம் பெண்களுக்கு ஒரு செய்தி. ஆடவர் அளவிற் செய்த கட்டை பெண்களிற் பலருக்கு ஓர் அங்குலமேனும் நீளம். பின்நுனியின் கீழ்முனை நெஞ்சிற் குத்தவும் செய்யும். இந்தத் தொல்லையைப் போட்டித் துவக்குகள் இன்று தீர்த்துவிட்டன. 2021இல் நடந்தேறிய தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெல கலந்துகொண்ட பத்து மீற்றர் காற்றுத் துவக்குப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலம்; துவக்கின் நிறை ஐந்தரைக் கிலோவைத் தாண்டலாகாது. கன்னத் தாங்கி, தோள் தாங்கி, கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகாணி. பழைய சோதனைத் துவக்கே நிரந்தரத் துவக்காகிவிட்டது எனலாம். பயிற்சிக்கு வரும் பெண், தடித்த தோற்சட்டையை அணிந்து பொத்தானிட்ட பின்னரே திருகாணிகளைத் தொடுகிறாள். ஒவ்வொன்றும் எத்தனையாம் கோட்டில் நிற்கிறதென்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறாள்.